மலைச்சரிவில் வீடு வரையப் பழகுவது எப்படி?

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு வரைவது என் பிழைப்பு இல்லை, அதற்கென்று எங்கும் படித்ததும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்து முடித்ததும் கை தானாக அளவு டேப்பைத் தேடும். பல வருடமாக இப்படித்தான். நான் வரைந்த வீடுகளில் பெரும்பாலானவை கட்டப்படாதவை, கட்டப்படவும் போவதில்லை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவிதை எழுதுகிறவர், படம் வரைகிறவர் மாதிரி இதுவும் ஒரு படைப்பு வேலை என்றுதான் நினைக்கிறேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் "எங்கிருந்து ஆரம்பிக்கிறது, கம்ப்யூட்டர் வேணுமா, கணக்கு நல்லா வரணுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

வயது ஒரு தடையே இல்லை. இலங்கையின் ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் லுணுகங்கை என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி, அந்தத் தோட்டத்தையும் பங்களாவையும் தன் விருப்பத்துக்கு மாற்றியமைக்க ஆரம்பித்தார். அந்த ஆசை பிடித்துக்கொண்டு போய், முறையாகப் படித்துக் கட்டடக் கலைஞராகத் தேறியபோது வருடம் 1957, வயது 38. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் அவரும் தொடங்கியது சொந்த இடத்தைச் சொந்தக் கையால் மாற்றிப் பார்க்கும் ஆசையில்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான் வரும். இணையத்தில் வீடு வரைவது பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் தரைப்படத்தில் ஆரம்பிப்பார்கள், அதாவது கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பது போன்ற படம்: ஹால் இங்கே, சமையலறை இங்கே, பூஜையறை இங்கே. கோயம்புத்தூரில் அது சரி. நீலகிரியில் அப்படி ஆரம்பித்தால் தப்பாகத்தான் முடியும். இங்கே முதலில் போட வேண்டியது வெட்டுமுகம். முட்டைக்கோஸை நடுவில் வெட்டி உள்ளே இருக்கும் மடிப்புகளைப் பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரி வீட்டையும் அதன் அடியில் இருக்கும் மண்ணையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரே வெட்டாக வெட்டி, பக்கவாட்டிலிருந்து பார்ப்பது. தரை எங்கே இறங்குகிறது, சுவர் எங்கே மண்ணைத் தொடுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது எல்லாம் அந்தப் படத்தில் மட்டும்தான் தெரியும்.

என்னென்ன வேண்டும்

அதிகம் இல்லை. 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, ஹெச்பி பென்சில், 2பி பென்சில், ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், பாகைமானி, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் நோட்டு. படத்தின் மேல் படம் வைத்து வரைய பட்டர் ஷீட் பத்துத் தாள். அப்புறம் ஒரு கட்டர் பிளேடு, ஃபெவிகால், மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுக்கும் அட்டைப்பெட்டிகள். ஆரம்பத்திலேயே டிராயிங் போர்டு, விலை கூடின பேனா என்று வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்தும் கை அரித்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

அடி, அங்குலத்திலேயே வரையுங்கள். மீட்டரில் வரைவது தப்பில்லை, ஆனால் நம் ஊர்க் கொத்தனார், ஆசாரி எல்லாரும் பேசுவது அடிக்கணக்கு. அவர்களோடு பேசப் பழகுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி சந்தோஷம் இருக்கிறது. வீட்டை வரையும்போது கால் அங்குலத்தை ஓரடியாக வைத்துக்கொள்ளுங்கள். மனை முழுவதையும் வரைய வேண்டுமானால் அரைக்கால் அங்குலம் ஓரடி.

முதலில் நீங்கள் தூங்கும் அறை

புதிதாக எதையும் வரைவதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை அளந்து வரையுங்கள். நீங்கள் தூங்கும் அறையே போதும். தாளில் அளவு பார்க்காமல் கையால் அறையின் வடிவத்தைக் கிறுக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொரு பக்கமாக அளந்து எண்ணை அந்தக் கிறுக்கலிலேயே எழுதுங்கள். நான்கு சுவர் மட்டும் அளந்தால் போதாது, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கும் குறுக்கே அளக்க வேண்டும், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் அறை மூலைமட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது. இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இருப்பதை இருக்கிறபடி வரையுங்கள்.

அப்புறம் உயரங்கள். தரையிலிருந்து சன்னல் அடிக்கட்டை எவ்வளவு, சன்னல் தலை எவ்வளவு, கூரை எவ்வளவு, சுவர் எத்தனை அங்குலத் தடிமன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சன்னல் வழியாக என்ன தெரிகிறது என்றும் எழுதிவையுங்கள். என் அறைச் சன்னலின் அடிக்கட்டை மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, அதனால் உட்கார்ந்தால் வானமும் சில்வர் ஓக் மரத்தின் தலையும் மட்டும்தான் தெரியும், எழுந்து நின்றால்தான் பள்ளத்தாக்கு. இத்தனை வருடம் அந்த அறையில் இருந்தும் அளந்த அன்றுதான் அது ஏன் என்று புரிந்தது. ஓரடி இறக்கியிருந்தால் காலையில் கண் திறந்ததும் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணுக்குக் கிடைத்திருக்கும்.

இந்த ஒரு அறையை இரண்டு படமாக வரையுங்கள், தரைப்படம் ஒன்று, வெட்டுமுகம் ஒன்று. இரண்டு ஞாயிறு போகும். போகட்டும். இதற்குப் பிறகு கதவு என்றால் 3 அடிக்கு 7 அடி, சமையல் மேடை 2 அடி அகலம், கட்டிலைச் சுற்றி நடக்க 2 அடியாவது வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே உடம்பில் ஏறிவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் படிக்கட்டை அளந்து பாருங்கள். ஏறுவதற்குச் சுகமான படி ஏறக்குறைய 6 முதல் 7 அங்குல உயரம், 10 முதல் 12 அங்குல அகலம் இருக்கும். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வந்தால் அது நல்ல படி.

போய்ப் பார்க்க வேண்டியவை

நம் மலையில் இருப்பவர்களுக்குப் பார்த்துப் படிக்கக் கட்டடங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா இருக்கிறது. ஊட்டியில் அவர் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. இந்த மாதிரி இடங்களில் சன்னல் ஓரமாக நின்று சுவரின் தடிமனை முழங்கை நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவரப்பட்டவை என்று சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்து தலையை நிமிர்த்தி, ஒரு உத்தரத்திலிருந்து அடுத்த உத்தரம் எத்தனை அடி என்று கண்ணால் கணக்கிட்டு நோட்டில் வரையுங்கள். நீலகிரி நூலகத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் வடிவமைத்ததுதான். ஒரே ஆள் கடற்கரைக்கு ஒன்றும் குளிர்மலைக்கு ஒன்றும் எப்படி வரைந்திருக்கிறார் என்று இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாதப் பாடம் கிடைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் பங்களாக்களைவிட நமக்கு அதிகம் சொல்லித் தருவது தோடர் குடிசையும், ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களின் வீடுகளும்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் இருக்கும் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், அவர்கள் குடிசையை வெளியிலிருந்து பார்க்கலாம். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வடிவம். சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம், வாசல் மட்டும் மூன்றடிக்கு மூன்றடி, குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்தது. இதில் கூரை எது, பக்கச் சுவர் எது என்று பிரிக்கவே முடியாது, வளைந்து வரும் கூரையே தரையைத் தொடுகிறது. காற்று அடித்தால் மோதி நிற்க மேடு இல்லை, மழை பெய்தால் தேங்க மடிப்பு இல்லை, வாசல் சின்னது என்பதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடாது, காட்டு மிருகமும் லேசில் நுழையாது. அது அவர்கள் வாழும் இடம் என்பதை மறக்காமல், கேட்டுவிட்டுப் பாருங்கள், கேட்டுவிட்டுப் படமெடுங்கள். கோயில்களின் அருகே அவர்கள் போகவேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

ஹட்டியில் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாக இருக்கும், பக்கச் சுவர் பொதுச்சுவர். நடு வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் குளிர் படும். நான் பார்த்த ஹட்டிகளில் அந்த வரிசை சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடுகிறது, தேயிலைச் செடி வரிசை மாதிரியே. சரிவோடு சண்டை போடாமல் அதன் குறுக்கே உட்கார்வது என்பதை நம் பெரியவர்கள் எந்தப் படமும் போடாமலே செய்திருக்கிறார்கள்.

சரிவை அளப்பது

இனி வருவதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாமல் படியுங்கள்.

வரைந்து பழக ஒரு நிஜமான மனை வேண்டும். உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை, சித்தப்பாவின் இடம், நண்பரின் தோட்டத்து மூலை, எதுவானாலும் சரி, சொந்தக்காரர் அனுமதித்தால் போதும். நான் பழகியது 5 சென்ட் இடம், 33 அடிக்கு 66 அடி, நீளவாக்கில் கீழே இறங்கும் சரிவு. கண்ணால் பார்த்தால் "ஒரு ஆள் உயரம் இறங்கும் போல" என்றுதான் தோன்றியது. கண்ணை நம்பக்கூடாது.

ஹார்டுவேர் கடையில் 30 அடி கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பது அதுதான். பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் போட்டுக் கலக்கி, டியூபுக்குள் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். குமிழி ஒன்று மாட்டிக்கொண்டாலும் அளவு பொய் சொல்லும், அதனால் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நீலத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அங்குலக் கோடு போட்ட இரண்டு கம்புகள், இரண்டு ஆட்கள். மேல் புள்ளியில் ஒருவர் கம்பை நட்டு டியூப் முனையை அதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஆறு அடி தள்ளிக் கீழே மற்றவர். இந்த ஆறு அடியைச் சரிவின் மேல் படுக்க வைத்து அளக்கக்கூடாது, டேப்பை மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும், புதியவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். தண்ணீர் அசையாமல் நின்றதும் இருவரும் படிக்க வேண்டும். மேல் கம்பில் 2 அடி, கீழ்க் கம்பில் 3 அடி 9 அங்குலம் என்று வந்தால் நடுவில் நிலம் ஒன்றே முக்கால் அடி இறங்கியிருக்கிறது. எழுதிக்கொண்டு அடுத்த ஆறு அடிக்கு நகருங்கள்.

அந்த 66 அடியையும் நானும் என் தம்பியும் ஒரு காலைப்பொழுதில் அளந்து முடித்தோம். மேலே ரோட்டோரத்தில் முதல் 12 அடி ஏறக்குறைய சமம், அரையடிதான் இறக்கம். அடுத்த 24 அடியில் 7 அடி இறங்குகிறது. மீதி 30 அடியில் 4 அடி. மொத்தம் பதினொன்றரை அடி, அதாவது இரண்டு ஆள் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறும் மிகச் செங்குத்தான இடத்திலேயே சுமார் 12 அடிக்கு 1 அடிதான் ஏற்றம், அந்த மனையின் நடுப்பகுதியில் 12 அடிக்கு மூன்றரை அடி. இந்த எண் தாளில் ஏறின பிறகுதான் அந்த இடம் எனக்கு நிஜமாகவே தெரிய ஆரம்பித்தது.

அளந்ததை வெட்டுமுகமாக வரையுங்கள். கிராஃப் தாளில் படுக்கைவாட்டில் அடிகள், செங்குத்தாக இறக்கம், புள்ளிகளைச் சேர்த்தால் மண்ணின் கோடு. அந்தக் கோட்டை அழுத்தமாக, 2பி பென்சிலால் போடுங்கள். இனி வரையப்போகும் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை.

முதல் படம்: தேயிலை மூட்டைக்கு ஒரு கொட்டகை

உடனே வீட்டுக்குப் போகாதீர்கள். நான் எல்லாருக்கும் கொடுக்கும் முதல் பயிற்சி, சிறு விவசாயிகள் பச்சைத்தேயிலையை எடை போட்டு ஏற்றிவிடக் காத்திருக்கும் கொட்டகை. பத்துப் பேர், இருபது மூட்டை, ஒரு தராசு, மழையில் நனையக்கூடாது, வண்டி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஆனால் உட்கார்ந்து வரைந்தால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூட்டையைத் தரையில் இறக்கித் திரும்பத் தூக்குவதைவிட, வண்டியின் பலகை உயரத்துக்கே மேடை கட்டினால் முதுகு தப்பிக்குமே? அப்படியானால் வண்டிப் பலகை எத்தனை அடி? போய் அளந்து பாருங்கள். சரிவில் மேல் பக்கம் மண் மட்டத்திலும் கீழ்ப் பக்கம் வண்டி உயரத்திலும் அந்த மேடை தானாக அமைந்துவிடுகிறதே, அப்படியானால் சரிவே நமக்கு வேலை செய்து கொடுக்கிறது! சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? கூடலூர், நடுவட்டம் பக்கம் என்றால் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது, கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் பெரியது. ஆகவே ஒரே கொட்டகை நடுவட்டத்தில் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டும் கோத்தகிரியில் வேறு பக்கத்தை மூடிக்கொண்டும் நிற்கும். நாலு தூண், ஒரு தகரக் கூரை என்று நினைத்தது எவ்வளவு யோசனை கேட்கிறது பாருங்கள்.

வெட்டுமுகத்தில் வீடு

கொட்டகை இரண்டு மூன்று வரைந்தபின் வீடு. என்னுடைய 5 சென்ட்டையே எடுத்துக்கொள்வோம்.

நான் முதலில் வரைந்த வீடு தரைப்படத்தில் அழகாகத்தான் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டு மேஸ்திரி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார், பின்பக்கப் படுக்கையறைச் சன்னல் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தச் சன்னலத் தொறந்தா என்ன தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். மண் தெரியும். மனையை ஒரே மட்டமாக வெட்டினால் பின்பக்கம், அதாவது மேட்டுப் பக்கம், ஏழடி மண் சுவர் நிற்கும், சன்னல் அதற்கு நேரே.

"தண்ணி எங்க போகும்னு மொதல்ல சொல்லு. ஹால எங்க வெக்கலாம்னு அப்புறம் பேசுவோம்" என்றார். அன்றிலிருந்து அந்த வரிசையில்தான் வரைகிறேன்: முதலில் மண், பிறகு தண்ணீர், பிறகு வெயில், கடைசியில்தான் அறைகள்.

மண். சரிவான அந்த 24 அடியில்தான் வீடு என்று வைத்துக்கொண்டால், அதை ஒரே தளமாக வெட்டாமல் 12 அடி, 12 அடியாக இரண்டு தட்டாக்குங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவே மூன்றரை அடி வித்தியாசம், அதாவது 7 அங்குலத்தில் ஆறு படி. ஆறு படி ஏற நடுவில் ஐந்து மிதி வரும், ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 4 அடி 2 அங்குல இடம் படிக்கட்டுக்குப் போகும், அதையும் படத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியை நிரப்பினால், எங்கேயும் ஒன்றே முக்கால் அடிக்கு மேல் மண்ணை வெட்ட வேண்டியதில்லை. ஏழடி மண் சுவர் எங்கே, ஒன்றே முக்கால் அடி எங்கே! ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், நிரப்பின மண் மேல் அஸ்திவாரம் நிற்காது, அது அடியில் இருக்கும் கெட்டி மண்வரை இறங்க வேண்டும். படத்திலும் அப்படியே இறக்கிக் காட்டுங்கள்.

தண்ணீர். வீட்டுக்கு மேல்பக்கம், சரிவிலிருந்து வரும் தண்ணீரைக் குறுக்கே பிடித்து இரண்டு ஓரமாகவும் இறக்கிவிட ஒரு வாய்க்கால். வெட்டின மண்ணுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆள் நடக்கிற மாதிரி மூன்றடியாவது இடைவெளி, அதிலும் ஒரு வாய்க்கால். மண்ணைப் பின்சுவரோடு ஒட்டவிட்டால் அந்த அறையில் வருடம் பூராவும் பூசணம்தான். தடுப்புச் சுவர் வரைந்தால் அதில் தண்ணீர் வடியத் துளைகளும் பின்னால் ஜல்லியும் வரையுங்கள். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரும் சேர்ந்துதான் தள்ளுகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வாரம் இங்கே இருந்த எவருக்கும் தண்ணீரின் வழியை மறித்துக்கொண்டு ஒரு கோடு போட மனசு வராது, தாளில்கூட.

கூரையும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். மொட்டை மாடி போட்டு, ஒழுகி, பிறகு அதன் மேல் தகரக் கூரை போட்ட வீடுகளை நம் ஊரில் தெருவுக்கு நாலு பார்க்கலாம். முதலிலேயே சாய்வாக வரையுங்கள். இரண்டடி போனால் ஓரடி ஏறும் சாய்வு மங்களூர் ஓட்டுக்கும் தகரத்துக்கும் பார்க்க நன்றாக இருக்கும். சுவரைத் தாண்டி இரண்டடியாவது கூரை நீளட்டும்.

வெயில். இதற்குத்தான் பாகைமானி. நம் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பதினொன்றரை பாகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கு வானத்தில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். வெட்டுமுகத்தில் தெற்குச் சன்னலின் தலையிலிருந்து, 7 அடி உயரத்திலிருந்து, 55 பாகையில் உள்ளே ஒரு கோடு போடுங்கள். தரையில் கிட்டத்தட்ட 5 அடி தூரத்தில் போய் விழும். குளிர்காலத்தில் அந்த ஐந்தடி வெயில் இங்கே தங்கம், பாட்டிக்கு நாற்காலி போட வேண்டிய இடம் அதுதான். சமவெளிப் பழக்கத்தில் சன்னல் மேல் இரண்டடி சன்ஷேடு போட்டீர்களோ, அது மூன்றடிக்குச் சுருங்கிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த மாதங்களில் பாதி நாள் மேகம்தான் என்றாலும். மழைக்குக் கூரை நீள வேண்டும், வெயிலுக்கு நீளக்கூடாது. இந்த இழுபறியை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தீர்ப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி, ஒரு சன்னலுக்காக ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மூன்றும் படத்தில் நின்ற பிறகு அறைகளைப் பிரியுங்கள், தரைப்படம் தானாக வரும். அடிக்கடி இருக்கிற அறைகள் வெயில் பக்கம், குளியலறையும் சாமான் அறையும் குளிர் பக்கம். சமையலறை அடுப்புச் சூடு வீணாகாமல் அதை ஒட்டியே படுக்கையறை. நான் இப்படித்தான் வைப்பேன், நீங்கள் வேறு மாதிரி வைத்தாலும் காரணம் சொல்ல முடிந்தால் சரி.

அட்டையில் செய்து பார்ப்பது

படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அட்டையில் செய்து கையில் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். கால் அங்குலம் ஓரடி என்று வரைகிறோம், கனமான பெட்டி அட்டையும் கிட்டத்தட்ட கால் அங்குலத் தடிமன் வரும் (பத்து அட்டையை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் சரியாகத் தெரியும்). ஆக ஒரு அட்டை ஓரடி உயரம். பதினொன்றரை அடிச் சரிவுக்குப் பன்னிரண்டு அட்டை. வெட்டுமுகத்தைப் பார்த்து, நிலம் எந்த இடத்தில் ஒவ்வொரு அடி இறங்குகிறதோ அந்த இடத்தில் ஒவ்வொரு அட்டையையும் வெட்டி அடுக்கினால், தேயிலைத் தோட்டத்துச் செடி வரிசை மாதிரியே படிப்படியாக மலை எழுந்து வரும். சரிவை ஒட்டிவிட்டு வீட்டை மட்டும் ஒட்டாமல் தனியாகச் செய்யுங்கள், தூக்கி வேறு இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சுவருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை மிக நன்றாக வரும், கெட்டியாகவும் இருக்கும், பிளேடுக்கும் இணங்கும். பிளேடை ஒரே அழுத்தில் இழுக்காமல் லேசாக மூன்று தடவை இழுங்கள், ஸ்டீல் ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

செய்து முடித்ததும் சரிவின் மேலிருந்து ஒரு கரண்டி கடுகை உருட்டிவிடுங்கள். அது எங்கே போய்க் குவிகிறதோ அங்கேதான் மழைத்தண்ணீரும் குவியும். டார்ச் லைட்டை 55 பாகையில் பிடித்துச் சன்னல் வழியாக வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் பார்க்கலாம். அப்புறம் கொத்தனாரிடம் காட்டுங்கள். படம் படிக்கத் தயங்குகிறவர்கள்கூட மாதிரியைக் கையில் கொடுத்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர்

பிடித்தால் பயன்படுத்துங்கள். ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், அறைகளை அடுக்கிப் பார்க்க எளிது, ஆனால் அது சமதளத்துக்குத்தான் தோது. சரிவோடு சேர்த்து வரைய ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பு அல்லது பிளெண்டர். நுணுக்கமான அளவுப் படங்களுக்கு ஃப்ரீகேட். கையால் நாலைந்து வெட்டுமுகம் போட்ட பிறகு இவற்றுக்குப் போனால் போதும், முதலிலேயே போனால் சுவருக்கு நிறம் தேடுவதிலேயே நாள் போய்விடும்.

கட்டும் ஆசை வந்தால்

வரும், எல்லாருக்கும் வரும். அப்போது தகுதி பெற்ற கட்டடக் கலைஞரிடமும் கட்டமைப்புப் பொறியாளரிடமும் உங்கள் படத்தைக் கொண்டுபோங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் மட்டும்தான் தங்களை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம், நாம் அப்படிச் சொல்லிக்கொள்ளவோ மற்றவர்களுக்குக் காசு வாங்கி வரைந்து கொடுக்கவோ போக வேண்டாம். மலைப் பகுதியில் கட்ட சமவெளியைவிடக் கடுமையான விதிகள், உயரக் கட்டுப்பாடு, தனி அனுமதிகள் எல்லாம் உண்டு, மனை வாங்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தடுப்புச் சுவரின் தடிமன், கம்பியின் கணக்கு எல்லாம் பொறியாளர் வேலை. ஆனால் நீங்கள் அளந்த சரிவும் போட்ட வெட்டுமுகமும் கையில் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பேச்சு வேறு தளத்தில் ஆரம்பிக்கும், அவரும் நீங்களும் ஒரே மண்ணைப் பார்த்துப் பேசுவீர்கள்.

கடைசியாக, செய்த மாதிரிகளைப் பத்திரப்படுத்துவது. நம் ஊர் ஈரத்தில் அட்டை ஒரே மழைக்காலத்தில் நெளிந்து பூசணம் பிடித்துவிடும். அடுப்படிப் பரண் மாதிரி சூடு படும் இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் பழைய வேட்டியால் மூடிவிட்டால் போதும். அடியில் மனையின் பெயர், அளந்த தேதி, வடக்கு எந்தப் பக்கம் என்பதை எழுதிவையுங்கள். வடக்கை எழுத மறந்த மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது, அந்த வீட்டின் வெயில் பக்கம் எது என்று அறிய மறுபடி டியூபைத் தூக்கிக்கொண்டு அதே மனைக்குப் போக வேண்டியதாயிற்று.